நீர்த்தலை நோயும் இம்பாலே வைத்தியசாலையும்
ஆபிரிக்காவிற் குழந்தைகளுக்கான மூளைச் சத்திரசிகிச்சை வளர்ந்த வரலாறு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் பெருநகரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பாரிசு, வியன்னா, இலண்டன், போல்ற்றிமோர் முதலிய நகரங்களிலே புதிய சிகிச்சைகள் தோன்றின. அங்குக் கற்றோர் அவற்றைத் தத்தம் நாடுகளுக்கு எடுத்துச் சென்றனர். ஏனைய நாடுகள் பெற்றுக்கொள்வோர் நிலையிலேயே நின்றன. இவ்வாறு கூறுதல் பெரிதும் உண்மையேயாயினும் முற்றும் உண்மையன்று. ஏழை நாடொன்றின் ஒதுக்கமான நகரிலே, வறுமையும் வழித்தொலைவுமே ஆசிரியராய் அமைய, பெருநகரங்கள் கைவிட்ட அறிவொன்று மீளவும் உயிர்பெற்றதுமுண்டு. கிழக்காபிரிக்காவிலே உகண்டா நாட்டின் இம்பாலே நகரில் 2001ஆம் ஆண்டு தொடக்கம் நிகழ்ந்தது அத்தகையதாகும்.

அங்கு ஆராயப்பட்ட நோய், கைக்குழந்தைகளின் தலையைப் பருக்கச் செய்து மூளையை நலிவிக்கும் நீர்த்தலை நோய். அதன் வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. சிகிச்சையொன்றின் தகுதியை அச்சிகிச்சையை மட்டும் கொண்டு அளத்தல் இயலாது. நோயாளியின் வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் இடையே கிடக்கும் வழியையும் சேர்த்தே அளத்தல் வேண்டும் என்பதே அது.

நோயின் இயல்பு

மூளையின் உள்ளே நான்கு அறைகள் உள்ளன. அவற்றினுள்ளே நாளங்களாலாகிய மென்மையான பின்னலொன்று இடையறாது தெளிந்த நீரைச் சுரந்துகொண்டிருக்கும். மூளைய முண்ணாண் பாய்பொருள் என விஞ்ஞான நூல்கள் வழங்கும் இந்நீர், வளர்ந்த ஒருவரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லீற்றர் அளவு சுரக்கின்றது. ஆயின், எவ்வேளையிலும் மூளையிலும் முண்ணாணைச் சூழ்ந்தும் தங்கியிருப்பது ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் மட்டுமே. எஞ்சியது அறைதோறும் கடந்து, மூளையின் புறத்தே பரவிக் குருதியோடு மீளச் சேர்கின்றது. இவ்வோட்டம் யாதானுமோரிடத்தே தடைப்படினும், உறிஞ்சப்படுதல் குன்றினும், நீர் தேங்கி அறைகள் விரிகின்றன. மூளை மண்டையோட்டோடு நெருக்குண்கின்றது.

வளர்ந்தோரின் மண்டையோடு விரிந்து கொடாது. கைக்குழந்தையின் மண்டையெலும்புகளோ இன்னும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. ஆதலால் தலை வளர்ந்துகொண்டே செல்லும், உச்சிக்குழி புடைக்கும், தலைத்தோலில் நாளங்கள் தெளிவாய்த் தோன்றும், அடிவானில் மறையும் கதிரவன் போலக் கருவிழி கீழிமைக்குள் அமிழும். சிகிச்சை பெறாத குழந்தைகளுட் பலர் இறப்பர். உயிர் தப்புவோருட் பலர் பார்வையையும் நடையையும் அறிவு வளர்ச்சியையும் இழப்பர். இதனைச் சாபத்தின் விளைவெனக் கருதித் தாயைப் பழிக்கும் வழக்கம் ஆபிரிக்காவின் பல பகுதிகளிலும் பதிவாகியுள்ளது. நோயின் துன்பம் குழந்தையோடு நிற்பதில்லை.

நோய்க்குக் காரணம் எங்கும் ஒன்றன்று. செல்வ நாடுகளிலே, காலத்துக்கு முன் பிறந்த குழந்தைகளின் மூளையறைகளில் ஏற்படும் குருதிக்கசிவு பெருங்காரணமாய் உள்ளது. பிறவியிலேயே நீர்வழி குறுகியிருத்தலும், ஸ்பைனா பைஃபிடா எனப்படும் முள்ளந்தண்டுப் பிளவும் எங்கும் காணப்படுங் காரணங்கள். கிழக்காபிரிக்காவிலே முதன்மை பெறுவது வேறொரு காரணம் என்பது இம்பாலே ஆராய்ச்சியாலேயே நன்கு புலப்பட்டது.

முற்காலச் சிகிச்சைகள்

நீரையும் தலையையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களாலாகிய ஹைட்ரோகெபலஸ் எனும் பெயரே இந்நோயின் பழைமைக்குச் சான்று. பத்தாம் நூற்றாண்டின் இறுதியிலே ஸ்பெயின் நாட்டின் கோர்டோபாப் பகுதியில் வாழ்ந்த அராபிய வைத்தியர் அல்-சஹ்ராவி, தமது பெருநூலில் இதனைக் குறித்துள்ளார். தாம் கண்ட குழந்தைகள் விரைவில் இறந்தமையால் அறுவையை மேற்கொள்ளாதிருத்தலையே விரும்பியதாகவும் அவர் எழுதினார். நீர் தேங்குவது மூளையின் புறத்தேயன்று, உள்ளறைகளிலேயே என்பதைப் பதினாறாம் நூற்றாண்டில் வெசாலியசு பிணக்கூற்றாய்விற் கண்டு பதிந்தார். அறிவு வளர்ந்தது, ஆயினும் குழந்தைகள் இறந்துகொண்டேயிருந்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் துணிவான முயற்சிகள் தோன்றின. 1910ஆம் ஆண்டிற் சிக்காகோ நகரிலே, சிறுநீரக நோய் வைத்தியரான லெஸ்பினாசு, சிறுநீர்ப்பையை நோக்கும் கருவியை இரு குழந்தைகளின் மூளையறைக்குட் செலுத்தி, நீரைச் சுரக்கும் பின்னலைச் சுட்டார். ஒரு குழந்தை உடனே இறந்தது. மற்றையது ஐந்தாண்டுகள் வாழ்ந்தது. போல்ற்றிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் வால்ற்றர் டான்டியும் கென்னத் பிளாக்ஃபனும் நாய்களில் ஆய்வு நடாத்தி, மூளைநீர் எங்கே சுரக்கின்றது, எங்கே தடைப்படுகின்றது என்பதை விளக்கினர். 1918இல் டான்டி அப்பின்னலையே வெட்டியகற்றும் முறையை வெளியிட்டார். 1923இற் பொஸ்ரன் நகரின் மிக்ஸ்ரர் என்பார், ஒன்பது மாதக் குழந்தையொன்றின் மூளையுட் குழல்வடிவக் கருவியொன்றைச் செலுத்தி, மூன்றாம் அறையின் அடித்தளத்தில் துளையிட்டு நீருக்குப் புதுவழி திறந்தார்.

இவ்வாறு இரு கருத்துகள் தோன்றின. ஒன்று, நீரின் சுரப்பைக் குறைத்தல். மற்றொன்று, தடைப்பட்ட நீருக்கு மூளைக்குள்ளேயே மாற்றுவழி அமைத்தல். இரண்டும் அறிவுக்குப் பொருந்தியவையேயாயினும், அக்காலக் கருவிகளின் ஒளி மங்கியது, பருமன் பெரிது, தொற்றை அடக்கும் மருந்துகளும் இல்லை. இறப்பு மிகுந்தமையால் அவ்விரு முறைகளும் மெல்லமெல்லக் கைவிடப்பட்டன.

வடிகுழாயின் வெற்றியும் குறையும்

மூன்றாவது கருத்தே பின்னர் வென்றது. மூளையறையிலுள்ள மிகை நீரைக் குழாய்வழியே உடலின் வேறோரிடத்துக்குக் கொண்டுசெல்லல் என்பது அது. 1949இற் பிலடெல்பியா நகரில் நல்சனும் ஸ்பிற்சும் ஒருவழி வால்வு பொருத்திய குழாயொன்றைப் பயன்படுத்தினர். 1955இன் இறுதியில், ஜோன் ஹோல்ற்றர் எனும் இயந்திரத் தொழிலாளிக்கு முள்ளந்தண்டுப் பிளவோடு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. நீர்த்தலை நோயும் தொடர்ந்தது. மருத்துவம் கல்லாத அத்தந்தை, ஸ்பிற்சின் வழிகாட்டலோடு சிலிக்கோன் வால்வொன்றை ஆக்கினார். 1956 தொடக்கம் அது வழக்கிற்கு வந்தது. ஆங்கிலத்தில் ஷண்ட் எனப்படும் இவ்வடிகுழாயின் நுனி முதலில் இதயத்தை அடுத்த நாளங்களிலும், பின்னர்ப் பெரும்பாலும் வயிற்றறையிலும் வைக்கப்பட்டது. இறந்துகொண்டிருந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் வாழத் தொடங்கினர்.

ஆயினும் இவ்வெற்றிக்கு ஒரு நிபந்தனை உண்டு. வடிகுழாய் ஒருகாலன்றி ஒருகால் அடைபடும், உடையும், அல்லது தொற்றுக்குள்ளாகும். செல்வ நாடுகளின் சிறந்த வைத்தியசாலைகளிலும், குழந்தைகளுக்கு வைத்த வடிகுழாய்களில் ஏறத்தாழ அரைவாசி இரண்டாண்டுகளுக்குள் மாற்றப்பட வேண்டியனவாகின்றன. அந்நாடுகளிலே குழந்தை வாந்தியெடுத்துச் சோர்ந்த சில மணித்தியாலங்களுள் நோயாளர் வண்டி வந்துவிடும். அன்றிரவே குழாய் மாற்றப்படும். ஆகவே வடிகுழாய் எனும் சிகிச்சை உண்மையில் ஒரு குழாய் மட்டுமன்று. நல்ல வீதி, தொலைபேசி, படமெடுக்கும் இயந்திரம், எவ்வேளையும் விழித்திருக்கும் சத்திர வைத்தியர் ஆகிய அனைத்தும் அதன் உறுப்புகளேயாம். குழாயை மட்டும் கப்பலேற்றி அனுப்புதல் எளிது. ஏனையவற்றை அவ்வாறு அனுப்புதல் இயலாது.

ஆபிரிக்காவில் முதற் படிகள்

ஆபிரிக்காவிலே மூளைச் சத்திரசிகிச்சை, சுதந்திரக் காலத்தோடு ஒட்டி வளர்ந்த துறையாகும். நைஜீரியாவின் முதல் மூளைச் சத்திர வைத்தியரான லத்துண்டே ஒடேக்கு, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பயிற்சி பெற்று, 1962இல் இபாடான் நகருக்குத் திரும்பினார். கவிஞராகவும் விளங்கிய அவர் 1974இல் இறக்குமட்டும் அங்கு அத்துறையைக் கட்டியெழுப்பினார். அவரும் அவர்தம் உடனுழைப்பாளரான அடெலோலா அடெலோயேயும், குழந்தைகளின் உச்சிக்குழியிற் பிறவியிலே தோன்றும் கட்டியொன்றைப் பற்றி 1971இல் விரிவாக எழுதினர். அவர்கள் இருவர் பெயராலும் அந்நோயை வழங்கும் மரபு உளது. ஆபிரிக்க வைத்தியர் தம் மண்ணிற் கண்டறிந்ததை உலகுக்குக் கற்பித்தமைக்கு இஃது ஆரம்பகால எடுத்துக்காட்டாகும்.

தென்கோடியிலே, கேப் டவுன் நகரில் 1956ஆம் ஆண்டு செஞ்சிலுவைப் போர் நினைவுக் குழந்தைகள் வைத்தியசாலை திறக்கப்பட்டது. காலப்போக்கில் அது குழந்தைகளுக்கான மூளைச் சத்திரசிகிச்சையிற் பெயர்பெற்ற நிலையமாயிற்று. உகண்டாவிலோ, தலைநகர் கம்பாலாவின் முலாகோ வைத்தியசாலையில் 1960களின் இறுதியில் இத்துறை தொடங்கிற்று. ஆயின், 1971இல் இடி அமீன் ஆட்சியைக் கைப்பற்றியதும் நாடு நிலைகுலைந்தது. 1972இல் ஆசிய வழித்தோன்றல்கள் வெளியேற்றப்பட்டனர். வைத்தியரும் ஆசிரியரும் பெருந்தொகையாய் நாட்டை நீங்கினர். ஒரு துறையைக் கட்டுவதற்குப் பல்லாண்டு வேண்டும். கலைப்பதற்குச் சில திங்களே போதும் என்பதை அக்காலம் காட்டிற்று.

இருபதாம் நூற்றாண்டு முடிவுற்ற வேளையில், ஆபிரிக்காவின் மூளைச் சத்திர வைத்தியருட் பெரும்பாலோர் எகிப்து முதலிய வட நாடுகளிலும் தென்னாபிரிக்காவிலுமே இருந்தனர். இடைப்பட்ட பெருநிலப்பரப்பிலே பல மில்லியன் மக்களுக்கு ஒருவர் என்பதே நிலைமை. குழந்தைகளின் மூளை நோய்க்கெனத் தனிப்பயிற்சி பெற்றோர் அவருள்ளும் மிகச் சிலர்.

இம்பாலே வைத்தியசாலை

இம்பாலே நகர் கம்பாலாவிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தொலைவில், எல்கன் மலையின் அடிவாரத்தில் உளது. கியூர் எனும் கிறித்தவ அறநிறுவனம் அங்குக் குழந்தைகளுக்கான மூளைச் சத்திரசிகிச்சை வைத்தியசாலையொன்றை அமைத்தது. அதனை நடாத்தும் பொறுப்பை ஏற்ற அமெரிக்க வைத்தியர் பெஞ்சமின் வார்ஃப் 2000ஆம் ஆண்டிற் குடும்பத்தோடு உகண்டாவிற்குக் குடிபெயர்ந்தார். 2001இல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. திறந்த சிறிது காலத்துள்ளேயே நீர்த்தலை நோயுற்ற குழந்தைகள் பெருந்தொகையாய் வந்தனர். நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்து தாய்மார் குழந்தைகளைத் துணியாற் கட்டிச் சுமந்து, நாட்கணக்கில் வழிநடந்தும் பேருந்தேறியும் வந்து சேர்ந்தனர்.

முதல் 300 குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சி 2005இல் வெளியாயிற்று. அவர்களுள் நூற்றுக்கு 60 பேருக்கு நோய்க்குக் காரணம் தொற்றே எனவும், அத்தொற்று நூற்றுக்கு 76 பேரில் பிறந்த முதல் மாதத்திலேயே கண்டது எனவும் அது கூறிற்று. பிறந்த சில நாட்களிற் காய்ச்சலும் வலிப்பும் கண்ட குழந்தை எவ்வாறோ பிழைக்கும். மூளையறைகளில் எஞ்சிய தழும்பு நீர்வழியை அடைக்கும். சில வாரங்களில் தலை பருக்கத் தொடங்கும். பாடநூல்கள் முதன்மையாய்க் கூறியிராத இவ்வழியே கிழக்காபிரிக்காவிற் பெருவழியாய் இருந்தது.

இனிச் சிகிச்சை யாது என்பதே வினா. வார்ஃப் கற்றறிந்த மரபுப்படி அனைவருக்கும் வடிகுழாய் வைத்தல் வேண்டும். ஆனால், வடிகுழாய் அடைபட்ட குழந்தை, வைத்தியசாலை இரண்டு நாட் பயணத் தொலைவில் உள்ள ஊரில் இருப்பின், தாய் பேருந்துக் கூலிக்குப் பணம் தேடுமுன்னரே அது இறந்துவிடும். நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் கருதியே வைத்தியன் செயற்படல் வேண்டும் என வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்த நெறி எந்நாட்டிற்கும் பொருந்துவது. இம்பாலேயில் அவற்றோடு இடத்தின் அளவையும் சேர்த்து எண்ண வேண்டியதாயிற்று. குழந்தையை இயன்றவரை குழாயிற் தங்கியிராது வாழச் செய்தல் எவ்வாறு என்பதே அங்கு எழுந்த பிரச்சினை.

மூன்றாம் அறையில் துளையிட்டு வழிதிறக்கும் மிக்ஸ்ரரின் முறை, ஒளியிழைக் கருவிகள் தோன்றியபின் 1990களில் மேலைநாடுகளில் மீண்டும் வழக்கிற்கு வந்திருந்தது. ஆயினும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அது பெரும்பாலும் பயனளியாது எனக் கருதப்பட்டது. திறந்த வழியாற் செல்லும் நீரை உறிஞ்சும் ஆற்றல் அவ்வயதிற் குன்றியிருத்தலே காரணம் என்பது பலரது கருத்து. அவ்வாறாயின் நீரின் சுரப்பையும் ஒருங்கே குறைத்தால் என்ன என வார்ஃப் எண்ணினார். எண்பது ஆண்டுகளின் முன்னர் டான்டி விட்டுச்சென்ற கருத்தும், மிக்ஸ்ரர் விட்டுச்சென்ற கருத்தும் இவ்வாறு இம்பாலேயில் ஒன்றுசேர்ந்தன. வளையத்தக்க மெல்லிய அகநோக்குக் கருவியை ஒரே துளைவழியாய்ச் செலுத்தி, முதலில் மூன்றாம் அறையின் அடித்தளத்தில் வழிதிறந்து, பின்னர் இருபக்க அறைகளிலுமுள்ள சுரக்கும் பின்னலைச் சுட்டுக் கருக்குவதே அம்முறை.

550 குழந்தைகளைப் பற்றிய முடிவுகள் 2005இல் வெளியாயின. ஒரு வயதுக்குட்பட்டோரில், வழிதிறத்தல் மட்டும் செய்தபோது நூற்றுக்கு 47 பேரும், இரண்டையும் ஒருங்கே செய்தபோது நூற்றுக்கு 66 பேரும் பயன்பெற்றனர். முள்ளந்தண்டுப் பிளவோடு பிறந்த குழந்தைகளில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது. நூற்றுக்கு 35 என்பது 76 ஆயிற்று. பயன்பெற்ற குழந்தைக்கு உடலிற் குழாயும் இல்லை. குழாய் அடைபடும் அச்சமும் இல்லை.

வடிகுழாய் இன்றியமையாத குழந்தைகளும் பலர் இருந்தனர். அவர்கள் பொருட்டு வேறோர் ஆராய்ச்சி நடந்தது. மேலைநாட்டு வடிகுழாயொன்றின் விலை அக்காலத்தில் அமெரிக்க டொலர் 650 ஆக இருந்தது. இந்தியாவில் ஆக்கப்பெற்ற சாப்ரா எனும் வடிகுழாயின் விலை 35 ஆக இருந்தது. 195 குழந்தைகளில் இரண்டையும் ஒப்பிட்டபோது, ஓராண்டின் பின்னர் விளைவில் வேறுபாடு காணப்படவில்லை. விலையேறியதே சிறந்தது எனும் எண்ணத்திற்கு அவ்வாராய்ச்சி தக்க விடையாயிற்று. ஒரு குழாயின் விலைக்குப் பதினெட்டுக் குழந்தைகளுக்குக் குழாய் வைத்தல் இயலும் என்பது அதன் பொருள்.

பயிற்சியின் இன்றியமையாமை

புதிய முறையொன்றை ஒருவர் மட்டும் அறிந்திருப்பின் அது அவரோடு கப்பலேறிப் போய்விடும். வெளிநாட்டு வைத்தியர் வந்து சில வாரம் தங்கி, பல குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு மீளும் வழக்கம் ஆபிரிக்காவில் நெடுங்காலம் இருந்துவந்தது. அவர்தம் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும், அவர் சென்றபின் குழாய் அடைபடும் குழந்தையை யார் பார்ப்பர் எனும் வினா எஞ்சியே நின்றது.

இம்பாலேயின் சிறப்பு, இவ்வினாவுக்கு விடை தேடியதிலேயே உளது. ஜோன் முகம்பா முதலிய உகண்டா வைத்தியர் வார்ஃபுடன் பணியாற்றி அம்முறையிற் கைதேர்ந்தனர். 2006இல் வார்ஃப் நாடு திரும்பியபோது வைத்தியசாலை தளரவில்லை; முகம்பாவும் பிறரும் பணியைத் தொடர்ந்தனர். ஆபிரிக்க நாடுகள் பலவற்றிலிருந்தும் ஆசிய நாடுகளிலிருந்தும் சத்திர வைத்தியர் அங்கு வந்து பயின்றனர். பயிற்சியோடு அகநோக்குக் கருவியும் அவர்தம் வைத்தியசாலைகளுக்குக் கிடைக்கச் செய்தல் அத்திட்டத்தின் கூறாக இருந்தது. கருவியின்றிக் கற்ற கல்வி ஓராண்டில் மங்கும். கல்வியின்றிப் பெற்ற கருவி பெட்டியிற் துருப்பிடிக்கும். இரண்டும் ஒருங்கே செல்லவேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இதே காலத்தில் ஆபிரிக்காவின் பிற பகுதிகளிலும் பயிற்சி வழிகள் திறந்தன. கிழக்கு, மத்திய, தென் ஆபிரிக்க நாடுகளின் சத்திர வைத்தியர் கல்லூரி 1999இல் நிறுவப்பட்டது. ஒரு பல்கலைக்கழகத்தின் சுவருக்குள் அடங்காது, தகுதிபெற்ற வைத்தியசாலைகளிலேயே வைத்தியர் பணிபுரிந்து பயின்று பொதுத் தேர்வெழுதுதல் அதன் முறை. மொரோக்கோவின் இரபாத் நகரில், உலக மூளைச் சத்திர வைத்தியர் கூட்டமைப்பின் சார்பில் 2002ஆம் ஆண்டிற் பயிற்சி நிலையமொன்று தொடங்கிற்று. பேராசிரியர் அப்தெசலாம் எல் கம்லிச்சி அதன் உயிர்நாடியாய் விளங்கினார். கேப் டவுன் பல்கலைக்கழகம், ஆபிரிக்க நாடுகளின் வைத்தியருக்குக் குழந்தை மருத்துவத் துறைகளிற் பயிற்சியளித்து, அவர் தத்தம் நாட்டுக்கே மீளும் வண்ணம் திட்டமொன்றை வகுத்தது. கென்யாவின் கிஜாபே வைத்தியசாலையும் குழந்தைகளின் மூளைச் சத்திரசிகிச்சைப் பயிற்சிக்குரிய இடமாயிற்று.

மேலைநாட்டிற் பயின்றோர் அங்கேயே தங்கிவிடுதல் ஆபிரிக்காவுக்குப் பேரிழப்பாய் இருந்துவந்துள்ளது. தம் மண்ணின் நோயைத் தம் மண்ணிலே, தமக்குக் கிடைக்கும் கருவிகளைக் கொண்டே கற்றவர், பயிற்சி முடிந்ததும் அக்கருவிகளைக் கண்டு மனஞ்சோரார். உள்நாட்டுப் பயிற்சியின் உட்பயன் இதுவேயாகும்.

முறையின் சோதனை

இம்பாலே முறை வட அமெரிக்க வைத்தியசாலைகளிலும் கையாளப்பட்டது. ஏழைநாட்டில் உருவான சிகிச்சை செல்வநாட்டிற்குச் சென்றமை வியப்புக்குரியதே. ஆனால் அங்குக் கிடைத்த வெற்றி இம்பாலேயிற் கிடைத்ததினும் குறைவாகவே இருந்தது. கை தேர்தற்குப் பல நூறு குழந்தைகளைக் காணல் வேண்டும். நோயின் காரணங்களும் அங்கு வேறு. மற்றுமொரு வினாவும் எழுந்தது. வடிகுழாய் நீரை விரைந்து வடிப்பதால் மூளையறைகள் நன்கு சுருங்குகின்றன. அகநோக்கு முறையிலோ அவை ஓரளவு விரிந்தே இருக்கின்றன. குழாயிலிருந்து விடுதலை பெறுவதற்காக மூளை வளர்ச்சியை விலையாகக் கொடுக்கின்றோமோ என்பதே அவ்வினா.

இதனைத் துணிதற்கு இம்பாலேயிலேயே ஒரு பரிசோதனை நடாத்தப்பட்டது. தொற்றினால் நீர்த்தலை நோயுற்ற, ஆறு மாதத்துக்குட்பட்ட 100 குழந்தைகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக வகுக்கப்பட்டனர். ரொறன்ரோ நகரின் குழந்தை மூளைச் சத்திர வைத்தியர் அபயா குல்கர்ணி முதலாகப் பலர் எழுதிய முடிவுகள் 2017 திசெம்பரில் வெளியாயின. ஓராண்டின் பின்னர் அறிவு வளர்ச்சியிலும் மூளையின் கனவளவிலும் இரு பிரிவுக்குமிடையே கருதத்தக்க வேறுபாடு இல்லை. சிகிச்சை பயன்படாமற் போனோர் அகநோக்கு முறையில் நூற்றுக்கு 35, வடிகுழாய் முறையில் நூற்றுக்கு 24. இவ்வேறுபாடும் புள்ளிவிவர நெறிப்படி உறுதியானதன்று.

இம்முடிவைத் தோல்வியென்றோ வெற்றியென்றோ கொள்ளுதல் பொருந்தாது. புதிய முறை மூளைக்குக் கூடுதலான தீங்கு செய்யவில்லை என்பது ஓராண்டளவில் தெளிவாயிற்று. அது குழந்தையின் மூளையை மேலும் செழிக்கச் செய்யும் எனும் நம்பிக்கைக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. இரண்டு முறைகளும் நிறையிற் சமமாயின், எதைத் தெரிவது என்பதை முடிவு செய்வது மீண்டும் அவ்வழித்தொலைவே. அன்றியும், தம் முறையையே தம் வைத்தியசாலையிற் கடுஞ்சோதனைக்கு உட்படுத்தி, கிடைத்த முடிவை மறையாது வெளியிட்ட நேர்மை போற்றத்தக்கது. சிகிச்சைக்கு எவ்வளவு முன்னரே மூளை சிதைந்துவிட்டது என்பதை அம்முடிவு புலப்படுத்திற்று. சத்திரசிகிச்சை எத்துணைச் சிறந்ததாயினும் தொற்று அழித்ததை மீட்டுத்தர அதற்கு ஆற்றலில்லை.

காரணத்தைத் தேடுதல்

ஆகவே ஆராய்ச்சி கத்தியிலிருந்து காரணத்துக்குத் திரும்பிற்று. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஸ்டீவன் ஷிஃப் என்பாரும் உகண்டா ஆராய்ச்சியாளரும் பல்லாண்டாக இம்முயற்சியில் ஈடுபட்டனர். குழந்தைகளின் மூளைநீரை வழக்கமான முறையில் வளர்த்துப் பார்த்தபோது பெரும்பாலும் கிருமி எதுவும் தோன்றவில்லை. 2012இல் வெளியான ஆய்வொன்று, நோயின் தோற்றம் மழையளவோடு தொடர்புற்றிருத்தலைக் காட்டிற்று. மழை மிகக் குறைந்த காலத்திலுமன்றி மிக மிகுந்த காலத்திலுமன்றி, இடைத்தர மழைக்காலங்களிலே நோய் மிகுந்தது. மண்ணும் நீரும் வாழுமிடமும் இதில் பங்குகொள்கின்றன எனும் ஐயம் வலுத்தது.

2020இல் 100 குழந்தைகளின் மூளைநீரிலுள்ள மரபுப்பொருளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு, பீனிபசிலசு எனும் பற்றீரியா இனத்தைச் சுட்டிற்று. பலரில் சைற்றோமெகலோ வைரசும் உடனிருந்தது. வளர்த்தெடுக்கப்பட்ட ஒரு வகை இம்பாலே நகரின் பெயராலேயே குறிக்கப்படுகின்றது. பிறந்த குழந்தைகளின் குருதித்தொற்றுக்கு வழக்கமாய் வழங்கும் மருந்துகள் இக்கிருமிக்குப் போதியவைதாமா என்பது இதனால் எழும் அடுத்த வினா. அதற்கு விடை கிடைப்பின், சத்திரசிகிச்சை மேசைக்கு வரவேண்டிய குழந்தைகளின் தொகை குறையும்.

முள்ளந்தண்டுப் பிளவைப் பொறுத்தமட்டில் தடுக்கும் வழி ஓரளவு தெரிந்ததே. கருவுறுமுன்னும் கருவுற்ற தொடக்கத்திலும் தாய்க்குப் போலிக்கமிலம் கிடைத்தால் அக்குறை பெரிதும் குறையும் என்பதை 1991இல் முடிவுற்ற பரிசோதனை நிலைநாட்டிற்று. தென்னாபிரிக்கா 2003இற் சோளமாவிலும் கோதுமைமாவிலும் அதனைச் சேர்த்தலைக் கட்டாயமாக்கியபின், நரம்புக்குழாய்ப் பிறவிக்குறைகள் ஏறத்தாழ 30 வீதம் குறைந்தன. 2023 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, உணவிற் போலிக்கமிலம் சேர்ப்பதை ஊக்கும் தீர்மானமொன்றை நிறைவேற்றிற்று. அதற்காகத் தொழிற்பட்டோருள் மூளைச் சத்திர வைத்தியர் பலர் இருந்தனர். தம்மிடம் வரும் நோயாளர் தொகை குறையவேண்டும் என அவர்கள் வாதாடியமை அத்தொழிலுக்குப் பெருமை தருவதாகும்.

முடிவு

உலகிலே ஆண்டுதோறும் ஏறத்தாழ நான்கு இலட்சம் குழந்தைகளுக்கு நீர்த்தலை நோய் புதிதாய்க் காண்கின்றது என 2018இல் வெளியான மதிப்பீடு கூறுகின்றது; அவர்களுட் பெருந்தொகையினர் ஆபிரிக்கக் குழந்தைகள். இத்தொகையோடு ஒப்புநோக்கின் இம்பாலே வைத்தியசாலை ஒரு சிறு விளக்கே. ஆயினும் அது மூன்று செய்திகளைத் தெளிவாகக் காட்டியுள்ளது. கைவிடப்பட்ட அறிவு முற்றும் பயனற்றதன்று. புதிய கருவியும் புதிய தேவையும் கூடும்போது அது மீண்டெழும். ஒரு நாட்டுக்கு நிலையான உதவி, சிகிச்சை செய்து மீள்வதிலன்று, சிகிச்சை செய்யத்தக்கவரை அந்நாட்டில் உருவாக்குவதிலேயே உளது. சத்திரசிகிச்சையின் எல்லையை உணர்ந்தவரே நோயின் வேரைத் தேடிச் செல்வர்.

வீதிகள் செப்பமாகும், வைத்தியசாலைகள் பெருகும், ஒருகால் வடிகுழாயே அங்கும் அச்சமின்றிப் பயன்படுத்தத்தக்க காலம் வரலாம். அன்று இம்பாலே முறை மீண்டும் பழைய நூல்களிற் சென்று தங்கவும் கூடும். அவ்வாறாயினும், ஆய்ந்து தெரியும் பழக்கத்தை அங்குக் கற்ற வைத்தியர், அன்றைய குழந்தைக்கு அன்றைய நிலையில் எது தகும் என்பதைத் தாமே துணிவர். ஒரு சிகிச்சை முறையினும் நெடிது வாழும் செல்வம் அதுவே.